பச்சையான பழுப்புத் தவளை

என் தவளைக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் காய்ச்சலில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். உங்கள் காட்டு முகாமில் போன் எடுக்காது, கடிதமாவது சீக்கிரம் வந்து சேரட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பதறாதீர்கள். உங்கள் புதிய தவளை இனத்தைப் பற்றிய கட்டுரையை அச்சுக்குப் போகவிடாமல் நிறுத்திவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான். காரணம் நம் குளியலறையில் இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் நாம் வேலை செய்யும் அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். அதனால் நீங்கள் உயிரோடு அனுப்பிய அந்தப் பழுப்புத் தவளைக் குட்டையனைக் கண்ணாடிப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறை ஜன்னலில் வைத்தேன். பெட்டியில் இருந்த மரப்பட்டை நாறுகிறதென்று அத்தை அதை எடுத்தெறிந்துவிட்டு, தொட்டிச் செடியின் இலைகளைப் பறித்துப் போட்டிருக்கிறார். காலையில் பார்த்தால் பழுப்பைக் காணோம். இலைமேல் ஒரு பச்சைத் தவளை சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. வாளிகளையெல்லாம் கவிழ்த்துத் தேடினேன். மூடியைச் சரியாகத்தான் மூடினேன் என்று அத்தை சத்தியம் செய்தார். பிறகுதான் பச்சையின் பின்னங்காலைப் பார்த்தேன். நீங்கள் எழுதியிருந்த அதே மொட்டை விரல்.

மரத்தவளைக் குடும்பம் என்பதில் சந்தேகமே இல்லை. விரல் நுனியில் வட்டு, கடைசி இரண்டு விரலெலும்புக்கு நடுவே குருத்தெலும்பு, எல்லாம் சரி. இனத்தில்தான் ஏமாந்தீர்கள். ஜாடிச் சாராயத்தில் நிறம் வெளுத்துவிடும் என்று, பிடித்த இடத்திலேயே நிறத்தைக் குறித்துக்கொள்வது உங்கள் வழக்கம். அந்தக் கவனமே காலை வாரிவிட்டது. பட்டையில் உட்கார்ந்து கத்திய சின்ன ஆண்களெல்லாம் பழுப்பு, இலையில் இருந்த பெரிய பெண்களெல்லாம் பச்சை. உட்காரும் இடத்துக்கேற்ப நிறம் மாறும் என்று தெரியாமல், இரண்டும் வேறு வேறு இனம் என்று நினைத்துவிட்டீர்கள். பழுப்பு என்றும் பச்சை என்றும் குறித்து ஜாடியில் அனுப்பிய இரண்டையும் அறுத்துப் பார்த்தேன், எலும்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. மழைக்காலம் முழுக்க நீங்கள் தேடிய பழுப்பு இனத்துப் பெண், உங்கள் கண்ணெதிரே பச்சையாக உட்கார்ந்திருந்தவள்தான்!

கட்டுரையை நிறுத்தச் சொன்னபோது பத்திரிகை ஆசிரியர் சிரிக்கவில்லை. அச்சானபின் திருத்தம் போடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்றார். உங்கள் பெயர் தப்பியது ஒரு நிம்மதி. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அடுத்த மழைக்கும் அங்கேயே தங்கி அவளைத் தேடப்போவதாக எழுதியிருந்தீர்களே, அதற்கு இனி வேலையில்லை என்று புரிந்ததும் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். இரண்டு தடவை காய்ச்சல் என்று எழுதினீர்கள். எழுதாமல் விட்டது எத்தனையோ.

புதிய இனம் போச்சே என்று மனம் உடையாதீர்கள். என்மேல் கோபம் இருந்தால் கடிதத்தில் திட்ட வேண்டாம். வந்து நேரில் திட்டுங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் மனைவி