அந்தக் கோப்பிலிருந்த குழந்தை

ஜனவரி 9

அன்புள்ள அப்பா,

வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை கிடைத்துவிட்டது. உங்கள் மகள் பிறந்த நாட்டிலேயே குடியேறிவிட்டாள்!

தத்துக் கோப்பிலிருந்த பெயரை வைத்துத் தேடிக் கண்டுபிடித்த, பெற்ற அம்மாவோடுதான் இருக்கிறேன். ஒரே அறை. சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான்களுக்குக் காஜா எடுக்கிறார். முதல் நாள் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அப்படியே எங்கப்பா காது" என்று அழுதுவிட்டார். காப்பகத்தில் என்னை விட்டு முப்பத்தொரு வருடமாயிற்றே.

உங்கள் செல்ல வாயாடி

*

ஜனவரி 30

என் வாயாடிக்கு,

நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. வெந்நீரைக்கூடத் தீய்த்துவிடுகிறேன், சிரிக்காதே. உன்னை வளர்த்தவள் இருந்திருந்தால் உன்னை அனுப்பியிருக்கவே மாட்டாள்.

ஒன்று மட்டும் கேள். குடியுரிமை, அது இது என்று அலுவலகம் அலுவலகமாக அலையாதே. இருக்கிறபடியே இரு.

அப்பா

*

மார்ச் 18

அப்பா,

உங்கள் பேச்சைக் கேட்காமல் விண்ணப்பித்தேன். மரபணுச் சோதனை கேட்டார்கள். எனக்கும் அம்மாவுக்கும் இரத்த உறவே இல்லையாம். "ரெண்டு தடவை பாத்தாச்சும்மா" என்றார் அதிகாரி.

அம்மாவிடம் சொல்லவில்லை. கோப்பில் இருக்கும் கைநாட்டு அவருடையதுதான். அப்படியானால் அவர் பிள்ளை எங்கே? நான் யார்? மூடிப்போன காப்பகத்தின் ஆயாவைத் தேடிப் பிடித்தேன். "உன்னைத் தூக்கிட்டுப் போனாரே, அவரையே கேளு" என்றார்.

கேட்கிறேன்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 6

என் கண்ணே,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

அந்தக் கோப்பிலிருந்த குழந்தையைத்தான் எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் வந்து இறங்கிய வாரம் காய்ச்சலில் போய்விட்டது. உன்னை வளர்த்தவள் தரையில் உட்கார்ந்து கதறினாள். காப்பாளர் உன்னைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். "இதே காகிதத்துல கூட்டிட்டுப் போங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

நீ யார் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உன்னைத் தரமாட்டார்களோ என்று பயம். அப்புறம், கேட்காததே பழகிவிட்டது.

அந்த அம்மாவிடம் சொல்லாதே. அவளும் நிம்மதியாக இருக்கட்டும், நீயும் இரு. திட்டியாவது ஒரு வரி எழுது.

அப்பா

*

மே 2

அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். கேட்ட பிறகு குழாயை மூடவேயில்லை. "எங்க புதைச்சாங்களாம்?" என்றார்.

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி புரட்டினேன். புதைத்த இடத்தை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர் கையில் கொடுக்க அதுவாவது இருந்திருக்கும்.

ஆயாவுக்கும் தெரியவில்லை. நான் யார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அங்கே திரும்பி வரமாட்டேன். இந்த முகவரிக்கு இனி எழுதாதீர்கள். புதியதை அனுப்பப் போவதில்லை.

அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து "நீ" என்பதை விட்டு "நீங்க" என்று பேச ஆரம்பித்துவிட்டார். நேற்றுப் பெட்டியைக் கட்டினேன். வாசல்வரை வந்தார்.

"பாத்துப் போங்க" என்றார்.

"சரிங்க" என்றேன்.

நீங்கள் வளர்த்தவள்