என் இடப்பக்கத்தில் ஓராள் இடம்

இஞ்சாருங்கோ,

இன்று காலை முழங்கால் நோவுக்கு மருந்தெடுக்கக் கிளினிக்குக்குப் போனேன். மருந்துக்கு முன்னால் ஒரு வேலை வைத்திருந்தார்கள். எங்களைப்போலக் கிழடுகட்டைகளை மண்டபத்தில் வரிசையாக நிறுத்தி, அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை இரண்டு கைகளையும் மெல்ல, மிக மெல்ல, தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினாள். இது சீன நாட்டுப் பயிற்சி, தாய் சி என்று பெயர், வயதானவர்களுக்கு விழுந்துவிடுவோம் என்ற பயம் போகும், பிரஷர் இறங்கும், நித்திரை வரும், மனக்கவலை குறையும் என்றெல்லாம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபது வருடத்துக்கு மேலாகப் பெயர் தெரியாமலே செய்திருக்கிறோம், பார்த்தீர்களா. நாங்கள் அதைச் சீனாக்காரற்றை ஆட்டம் என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "அம்மா, இடப்பக்கம் இவ்வளவு இடம் விடாதேங்கோ, கிட்ட நில்லுங்கோ" என்றாள். நான் அசையவில்லை. என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும்.

சீனாக்காரரை நினைத்துக்கொண்டேன். துணி மூட்டையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு குளத்து அணைக்கட்டால் வருவார். கையில் அளவுகோல், வாயில் அரைகுறைத் தமிழ். உருத்திரபுரத்தில் விற்று முடியாவிட்டால் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் படுக்கை. விடியற்காலையில் எழுந்து முற்றத்தில் அந்த ஆட்டத்தைத் தொடங்குவார். ஒரு காலில் முழுப் பாரத்தையும் இறக்கிய பிறகுதான் மற்றக் காலைத் தூக்குவார். கைகள் தண்ணீருக்குள் போவதுபோலப் போகும். நீங்கள் கட்டிலில் கிடந்தபடி யன்னலால் பார்த்து, "உந்தாள் என்ன, கொக்குப் பிடிக்குதோ?" என்று கேட்டீர்கள். அந்த நாட்களில் உங்கள் வாயிலிருந்து வந்த ஒரே பகிடி அதுதான்.

அறுவடை முடிந்து நெல் மூட்டை ஏற்றும்போது வண்டியிலிருந்து விழுந்தீர்களே, அதற்குப் பிறகு நீங்கள் நீங்களாக இல்லை. ஆஸ்பத்திரியில் எலும்பு பொருந்திவிட்டது, இனி நடக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து முற்றத்தில் இரண்டு தரம் விழுந்தீர்கள். அதோடு சரி. காலைவிட உங்கள் மனந்தான் முறிந்துபோயிற்று. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவீர்கள். இரவில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள். உங்கள் தமையன் பளையிலிருந்து வந்து, விதைப்புக்கு முன் ஆள் எழும்பாவிட்டால், குடியேற்றத்தில் அரசாங்கம் தந்த காணியை அரசாங்கத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். வண்டியோடு வருவேன் என்றும் சொன்னார். காடு வெட்டி, கட்டை பிடுங்கி, என் தாலிக்கொடியைவிட அருமையாய் வைத்திருந்த மண் அது. அதை விட்டுவிட்டுத் தமையன் வீட்டுக் குசினியில் போய் நிற்க எனக்கு ஏலாது.

ஒருநாள் சீனாக்காரர் என்னைக் கூப்பிட்டு உங்கள் கட்டிலைக் காட்டினார். "பலம் இருக்கு. பயம்தான் கூட" என்றார். முற்றத்துக்கு வாருங்கள், பழக்குகிறேன் என்று உங்களையும் கேட்டார். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சரி, இவர் பழகாவிட்டால் நான் பழகுகிறேன் என்று இறங்கினேன். உங்களுக்குக் காட்டித் தரலாம் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. நான் எதையும் அவக்கென்று செய்கிறவள். அவர் என் கையைப் பார்த்துத் தலையாட்டுவார். "அவசரம் வேண்டாம். கால் முதல், கை பிறகு" என்பார். அதையே பழகிப் பழகி, உங்களைத் தூக்கி, வாளி வாளியாய்த் தண்ணீர் அள்ளி இறுகிப்போயிருந்த என் தோள் மெல்ல இளகியது. படுத்தவுடன் நித்திரை வந்தது. உங்கள்மேல் இருந்த கோபமும், எங்கே போனதென்று தெரியாமல், கொஞ்சங் கொஞ்சமாய்க் கழன்றது.

பிறகு பொன்னம்மாக்காவின் எருமை தொலைந்ததே, அந்தக் கூத்தை எப்படி மறப்பது? பக்கத்துக் காணிக்காரி அல்லவா, விடியவே தேடிக்கொண்டு எங்கள் படலையால் வந்துவிட்டா. நான் முழுகிவிட்டுத் தலைமயிர் விரித்தபடி, கண்ணை அரைவாசி மூடி, கையை மெல்லத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அம்மன் உரு வந்துவிட்டதென்று நினைத்துவிட்டா. கும்பிட்டபடி, "அம்மாளாச்சி, என்ரை எருமை எங்கையெண்டு சொல்லணை" என்றா. அந்த நேரம் பார்த்து என் வலது கை ஆட்டத்தின்படி கிழக்கே போனது. மூச்சு ஒழுங்கைக் குழப்பக் கூடாதென்று நான் வாய் திறக்கவில்லை. மனுசி கிழக்கே ஓடினா. எருமை வாய்க்காலுக்குள் சுகமாய்ப் படுத்திருந்ததாம். பின்னேரம் வாழைப்பழச் சீப்பும் கற்பூரமுமாக வந்து நின்றா. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை மாதம்! நான் குசினிக்குள் போய் அழுதேன், உங்களுக்குத் தெரியாது.

ஆனால் கதை பரவிவிட்டது. முரசுமோட்டையிலிருந்து ஒரு வண்டி வந்தது, மகளுக்குக் கலியாணம் எப்போது என்று கட்டுக் கேட்க. இன்னொருத்தர் களவுபோன சைக்கிளைக் கேட்டு வந்தார். எனக்கு உரு ஒன்றும் இல்லை என்று சொல்லி, எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்றே நினைத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒரு விடியலில், நான் ஆட்டத்தைத் தொடங்க நிற்கும்போது, ஒரு தாய் காய்ச்சல் பிள்ளையோடு வந்துவிட்டாள். நெருப்பாய்க் கொதித்தது அந்தப் பிள்ளை. திருநீறு போட்டுவிடச் சொல்லி என் காலடியில் கிடத்தினாள். கூடப் பொன்னம்மாக்காவும் நாலைந்து சனமும். எனக்கு உரு இல்லை, ஒன்றும் இல்லை, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ என்று கெஞ்சினேன். கட்டிலில் இருந்து நீங்களும் கத்தினீர்கள். அம்மாளாச்சி வாய் திறந்து சொல்லட்டும், அதன் பிறகு போவோம் என்று நின்றார்கள். அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால் நான் அதன் பிறகு மனுசியாய் இருந்திருக்க மாட்டேன்.

அப்போதுதான் கதவு நிலை கிறீச்சிட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். முகம் வெளிறிப்போய் வேர்த்திருந்தது. ஒரு காலில் பாரத்தை இறக்கி, பொறுத்து, மற்றக் காலை எடுத்து, அப்படியே முற்றத்துக்கு வந்தீர்கள். யன்னலால் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் பாடமாக்கி வைத்திருந்திருக்கிறீர்கள், கள்ளன்! என் இடப்பக்கத்தில் வந்து நின்றபோது உங்கள் கால் உதறியது எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னேன்:

"விழுறதெண்டால் என்ரை பக்கம் விழுங்கோ."

நீங்கள் விழவில்லை. இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கினீர்கள். "வடிவாய்ப் பாருங்கோ. இது தேகப்பயிற்சி. நான் கோயில் வாசலே மிதியாதவன். என்னிலை அம்மாளாச்சி வருவாவோ?" என்றீர்கள். அது ஊரறிந்த உண்மை. சனம் ஒன்றையொன்று பார்த்தது. முதலில் சிரித்தது பொன்னம்மாக்காதான். தன் வண்டியிலேயே தாயையும் பிள்ளையையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு விடியலில் இரண்டு பேராய் நின்றோம். சிலநாள் உங்களுக்கு ஏலாமல் போகும், கதிரையைப் பிடித்துக்கொண்டு செய்வீர்கள். ஒருநாள் பாதி ஆட்டத்தில் நிறுத்தி, "இது சேத்துக்கை நடக்கிற நடையெல்லோ. இதைப் பழக்க ஒருத்தர் சீனாவிலையிருந்து வரவேணுமே?" என்று கேட்டீர்கள். சேற்றில் அப்படித்தான் நடப்போம், ஒரு கால் ஊன்றிய பிறகு மற்றக் கால். அது பிடிபட்ட பிறகு உங்களைப் பிடிக்க முடியவில்லை. கோப்பை தள்ளுவது நின்றது. நித்திரையில் குறட்டையும் வந்தது. இடது கால் கடைசிவரை கொஞ்சம் இழுத்ததுதான். பயம் மட்டும் திரும்பி வரவேயில்லை.

ஐப்பசியில் உங்கள் தமையன் சொன்னபடி வண்டியோடு வந்தார். நீங்கள் வரம்பில் பொல்லை ஊன்றி நின்று விதை எறிந்துகொண்டிருந்தீர்கள். அவர் வண்டியை அவிழ்த்துவிட்டு, சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு தானும் ஒரு கடகம் விதையோடு இறங்கினார். மத்தியானம் கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார்.

அதற்குப் பிறகொரு வருடம், என் வயிற்றில் தங்காமல் போன எங்கள் பிள்ளைக்காக நான் குசினியை விட்டு வெளியே வராமல் கிடந்தேனே, அந்த மாதங்களில் நீங்கள் ஆறுதல் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு விடியலில் வந்து கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப்போனீர்கள். உங்கள் வலப்பக்கத்தில் நிறுத்தி, "விழுறதெண்டால் என்ரை பக்கம் விழும்" என்றீர்கள். நான் கையைத் தூக்கத் தூக்க அழுதேன். அழுது முடியுமட்டும் நீங்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. என்னை மீட்டது அதுதான்.

இன்று அந்த மண்டபத்தில் பயிற்சி தொடங்கிய பிறகு ஒரு மனுசி பிந்தி வந்தா. என் வயதுதான் இருக்கும், கையில் பொல்லு. போன கிழமை கிணற்றடியில் விழுந்தவவாம். நிற்கவே பயந்து, வாசலைப் பார்த்தபடி நின்றா. அந்தப் பிள்ளை வரிசையைப் பார்த்தாள். இடம் இருந்தது என் இடப்பக்கத்தில் மட்டும்.

நீங்கள் போன பிறகு அந்த இடத்தில் நான் ஒருவரையும் விட்டதில்லை. ஆனால் அந்த மனுசியின் கால் உதறியது. உங்கள் கால் உதறியதுபோலவே.

"இஞ்சை வாங்கோ" என்றேன். "விழுறதெண்டால் என்ரை பக்கம் விழுங்கோ."

வந்து நின்றா. நீங்கள் கோபிக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.