ஆறு ஐம்பத்துமூன்று மணி

சேசு மரி சூசை துணை

அம்மாபேட்டை, சேலம்
12-1-1961

அன்பு மகள் செல்வமேரிக்கு உன் அப்பன் கஸ்பார் சொல்லச் சொல்ல உபதேசியார் யாகப்பன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அவள் முழங்கால் மட்டும் இந்த மார்கழிப் பனிக்கு முனகுகிறது, பம்பாயில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரி வேலையைப் பார்த்து வர வேண்டிக்கொள்கிறோம். உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயதாகிறது, நெஞ்சு தாங்காது, ஏற்காட்டுப் பந்தயத்தை விட்டுவிட்டு சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நர்ஸ் சொல்கிற மாதிரி நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாய் சாமி. ஆனால் நான் விடப் போவதில்லை.

முப்பது வருஷம் இங்கிருந்து வெண்ணந்தூருக்கு நூல் மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு மிதித்தவன் நான். இப்போது மூட்டை இல்லை, கால் மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. செவ்வாயும் சனியும் விடிந்ததும் அடிவாரத்துக்குப் போய் அங்கிருந்து ஏரி வரைக்கும் ஏறுகிறேன். முதலில் ஏழாவது வளைவில் இறங்கித் தள்ளினேன், அப்புறம் பன்னிரண்டாவதில், ஆயுத பூஜைக்குப் பிறகு இருபது வளைவிலும் தரையில் கால் வைக்கவில்லை. மேட்டில் மிதி லேசாக வரட்டும் என்று பின்சக்கரத்துப் பல்லை பதினெட்டிலிருந்து இருபத்திரண்டாக மாற்றிப் போட்டேன். மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர் எல்லாம் கழற்றியாயிற்று, சைக்கிள் மணியையும் கழற்றிவிட்டேன், எனக்கு வேண்டிய மணி ஹேண்டில்பாரில் தொங்குகிறது. ஏற்காட்டு பஸ் கண்டக்டர் ஒருவன் ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் தலையை நீட்டி, தாத்தா, சைக்கிளை மேல தூக்கிப் போடட்டுமா, அரை டிக்கெட்டு போதும் என்பான். நீ முன்னால போயி எனக்கு ஒரு டீ சொல்லி வை தம்பி என்பேன். போன சனிக்கிழமை நிஜமாகவே சொல்லி வைத்திருந்தான். ஆறிப்போவதற்குள் போய்ச் சேர்ந்தேன்.

இப்போது உனக்கு எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன். குடியரசு தினத்துப் பந்தயத்தில் எல்லாரும் கூட்டமாக ஓடுவதில்லை. ஒவ்வொருவராக விடுவார்கள், யார் எவ்வளவு நேரத்தில் ஏறினார் என்று கடிகாரத்தில் பார்ப்பார்கள். பெயர் கொடுக்கப் போனபோது, பழகும்போது எவ்வளவு நேரமாகிறது என்று அங்கே எழுதிக்கொண்டிருந்தவர் கேட்டார். எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஜெபமாலையை வைத்துத்தான் கணக்கு. நம் வீட்டில் சாயங்காலம் சொல்கிற ஐம்பத்துமூன்று மணி ஜெபத்தை அடிவாரத்தில் தொடங்கினால் ஆறாவது ஜெபமாலை முடியும்போது ஏரி வந்துவிடும். அதனால், ஆறு ஐம்பத்துமூணு மணிங்க என்றேன். அவர் ஆறு மணி ஐம்பத்துமூன்று நிமிஷம் என்று எழுதிக்கொண்டார். அது தெரியாமல் நானும் பெருவிரலை அழுத்தி வைத்துவிட்டு வந்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறவனுக்கு இடமில்லை என்று பெயரை அடித்துவிட்டார்கள்.

நான் நேரே பந்தயம் நடத்துகிற சங்கத்துக் காரியதரிசி சின்னுசாமியிடம் போனேன், திருச்செங்கோட்டுக்காரர், லாரி வைத்திருப்பவர். அவர் சிரித்துக்கொண்டே, ஏனுங்க பெரியவரே, ஏழு மணி நேரத்துல எங்க எருமையே நடுவுல மேஞ்சுட்டு ஏறிப்போடுமுங்க என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். உபதேசியாரும் கூட வந்து, கோயில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம், இவர் சொல்கிற நிதானத்தில் ஒரு ஜெபமாலைக்கு இருபது நிமிஷம், ஆறுக்கு இரண்டு மணி நேரம் என்றார். சின்னுசாமி லேசுப்பட்டவர் இல்லை. அதெல்லாஞ் செரீங்க, ஊட்டுல உக்காந்து சொல்ற வேகமும் மேட்டுல மூச்சு வாங்கச் சொல்ற வேகமும் ஒண்ணாங்க என்றார். ஒன்றுதான், ஒரு ஜெபமாலை மணிக்கு முப்பத்தாறு மிதி, அதில் கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை என்றேன். குனிந்து என் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். கடைசியில், செரி வாங்க, அத்தன பேரும் போன பொறவு ஏழு மணிக்கு உங்கள உடறனுங்க, நெம்பர் மட்டும் தர முடியாது, ரெண்டு மணி நேரத்துல ஏறுனா லிஸ்ட்டுல உங்க பேர என் கையாலயே எழுதறன், ஒரு நிமிசம் தாண்டுனாலும் அடுத்த வருசம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுங்க என்றார். சரி என்று வந்துவிட்டேன். நம்பர் இல்லாமல் போகிறாரே என்று உன் அம்மாதான் பொறுக்கமாட்டாமல், உபதேசியாரை ஒரு துண்டுத் துணியில் கரித்துண்டால் எழுதச் சொல்லி அதன்மேல் சிவப்பு நூலால் தைத்து என் சட்டை முதுகில் வைத்துவிட்டாள். என்ன நம்பர் என்று நீ கேட்க வேண்டாம், ஐம்பத்துமூன்றுதான்.

பங்குச் சாமியார் காதுக்கும் போயிற்று. ஜெபத்தைக் கடிகாரம் ஆக்கலாமா கஸ்பார் என்று கேட்டார். சாமி, கோயிலில் முட்டி போட்டிருக்கும்போது என் புத்தி எங்கெங்கோ போயிருக்கிறது, பதினாலாவது வளைவில் ஒரு நாளும் போனதில்லை, அங்கே மாதாவை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை என்றேன். அவர் சிலுவை போட்டு அனுப்பினார்.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன் செல்வமேரி, நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. ஐம்பத்துநாலாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. வயசுப் பெண்ணைப் பம்பாய்க்கு அனுப்புகிறவன் தகப்பனா என்று உன் பெரியப்பா வாசலில் நின்று கத்தினார். தெருவே பார்த்தது. நீ பச்சைத் தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் கேரியரில் ஏறி உட்கார்ந்து, நிறுத்தாதீங்க அப்பா, மிதிங்க என்றாய். நான் ஜங்ஷன் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். அன்றைக்கு மிதிக்கச் சொன்ன வாயால் இன்றைக்கு இறங்கச் சொல்லாதே.

பணிவிடை செய்கிற உன் கைக்கு மாதா எப்போதும் துணை இருக்கட்டும், சேசுநாதர் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல சுகமும் தரட்டும். பழைய சோற்றைத் தின்றுவிட்டு வேலைக்கு ஓடாதே. ஒன்று மட்டும் எனக்காகச் செய். இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை, ஜெபமாலையில் சந்தோஷ தேவரகசியம் சொல்கிற நாள். காலை ஏழு அடித்ததும் நீயும் அங்கே ஜெபமாலையை எடு. நம் வீட்டில் சொல்கிற நிதானத்தில் சொல், அப்பன் ஜெயிக்கட்டும் என்று இழுக்காதே, அது கள்ளக் கணக்கு. ஆறாவது ஜெபமாலையை முடித்து நீ சிலுவை போடும்போது நான் ஏரிக்கரையில் நின்று கண்டக்டர் பையன் சொல்லி வைத்த டீயைக் குடித்துக்கொண்டிருப்பேன். ஏழாவது தொடங்க வேண்டாம், அதற்கு வேலை இருக்காது.

இப்படிக்கு,
உன் அப்பன் கஸ்பார்,
இந்தத் தடவை எழுதியது முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு வைத்த இடது கைப் பெருவிரல் ரேகை.