அப்பா எதிர்ப்பக்கம் நின்ற நாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், நீயும் அந்த வெளியூரில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், உன் அப்பா மட்டும் சௌக்கியமாக இருந்துகொண்டே சௌக்கியமில்லாத முகத்தோடு திரிகிறார். நீ போன் செய்யும்போதெல்லாம் அவர் குளிக்கிறார் என்று நான் சொல்வதை நம்பாதே, எந்த மனுஷனும் அவ்வளவு குளிக்க மாட்டான். அப்பாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று போன தடவை அழாத குறையாகக் கேட்டாயே, அது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் சொல்லலாமென்றால் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் உன் மாமாவால் வந்த வினை. வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என் தம்பிக்குப் பேப்பரில் வரும் எதிர்ச்சொல் போட்டியை முடிக்காவிட்டால் பொழுது போகாது. உன் அப்பாவின் முலாம் பட்டறைக்கு வந்து, மச்சான், ஆனோடுக்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டிருக்கிறான். கேத்தோடு, இதுகூடத் தெரியாமலா பாடம் நடத்தினாய் என்றாராம் உன் அப்பா. இவன் சும்மா இருப்பானா, அவை இரண்டும் ஜோடி, ஒன்றில்லாமல் ஒன்றுக்கு வேலையே இல்லை, எப்படி எதிராகும், புருஷனுக்கு எதிர்ச்சொல் பெண்டாட்டியா என்றிருக்கிறான். இவர் கொஞ்சமும் யோசிக்காமல் ஆமாம் என்றிருக்கிறார். அதற்கு அவருக்குத் தனியாக வைத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத் தொட்டியில் இறங்கக் காத்திருந்தது உன் ஓட்டப்பந்தயக் கோப்பை, மூன்று பேர் ஓடி நீ மூன்றாவதாக வந்தாயே, அதேதான். நீ வரும்போது பளபளவென்று இருக்க வேண்டுமென்று புது நிக்கல் முலாம் போடக் கொண்டுபோயிருந்தார். எப்போதும் சுவர்ப்பக்கம் நின்று வலது கையால் ஆனோடுப் பக்கம் நிக்கல் தகட்டையும் இடது கையால் கேத்தோடுப் பக்கம் சாமானையும் பார்க்காமலே மின்கம்பிகளில் தொங்கவிடுவாரே, அன்றைக்குச் சுவர்ப்பக்கம் உன் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். இவர் எதிர்ப்பக்கம் நின்று அவனை முறைத்தபடி, பழகின கையாலேயே தொங்கவிட்டு ஸ்விட்சைப் போட்டுவிட்டார். தகடு இருக்க வேண்டிய இடத்தில் கோப்பை. புது முலாம் ஏறுவதற்குப் பதில் இருந்த முலாமும் கழன்று தகட்டில் போய் ஒட்டிக்கொண்டது. சண்டை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் தகடு ஜொலிக்கிறது, கோப்பை மொட்டை, அதன் ஒரு காது தொட்டிக்குள் கிடக்கிறது.

அன்றிலிருந்து உன்னிடம் என்ன முகத்தோடு பேசுவது என்று ஒளிந்துகொள்கிறார், மாமாவும் கூடச் சேர்ந்து ஒளிகிறான். கோபமெல்லாம் ஒன்றுமில்லை கண்ணே, வெட்கம். மறுபடி முலாம் போட்டால் போயிற்று என்றேன், அது அவள் தூக்கிக்கொண்டு வந்த பளபளப்பு ஆகுமா என்கிறார். நேற்று பட்டறைக்குப் போனால் அந்தத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கேயும் போகவில்லை, அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். தகட்டைப் பற்றி மட்டும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு படுக்காதே, நினைத்ததெல்லாம் நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த தடவை அவர் குளிக்கிறார் என்று நான் சொன்னால், ஆனோடுக்கு எதிர்ச்சொல் என்ன என்று மட்டும் உரக்கக் கேள். காய்ந்த தலையோடு ஓடி வருவார்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் எதிர்ச்சொல்,
அம்மா