மேரி பின்னிய மறுபக்கம்

ஸ்பிரிங்வேல்,
17.08.2008

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் கும்பிட்டபடி இருக்கிறோம். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதப் பார்த்தேன், பேனை ஓடவில்லை. அப்பாவுக்குப் பிரஷர் கூடவில்லை, என் முழங்கால் நோ அப்படியேதான், உடம்புக்கு வேறு குறை இல்லை, மனசுதான் சரியில்லை. நீ போனை எடுக்கிறாயில்லை. உன்னோடு அறையில் இருக்கும் யோகாதான் எடுத்து, அன்ரி அவள் சாப்பிடுறாள், ஆனால் ஒருத்தரோடையும் கதைக்கிறாளில்லை என்கிறாள். நீ தலையை மொட்டையாக வழித்துவிட்டாய் என்றும் அவள்தான் சொன்னாள். கேட்டதும் குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். அச்சோல் உன் கூட்டாளி, அவள் செத்ததற்கு நீ அழு, நானும் அழுதுகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவளை நீ கீறிய படத்தை எறிந்துவிடச் சொல்லி யோகாவிடம் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினாயாம், படிப்பையும் விடப் போகிறாயாம். படத்தை நாங்கள் எறியவில்லை. ஏன் என்று போனில் சொல்ல என்னால் ஏலாது, அதுதான் எழுதுகிறேன்.

அந்தப் படத்தை நீ கீறியது எங்கள் குசினியில். வெளிச்சம் அங்கேதான் நல்லது என்று என் அரிசி வாளி, மா வாளி எல்லாவற்றையும் வெளியே தள்ளினாய். அச்சோலின் தாய் மேரி தன் சலூனைப் பூட்டிவிட்டு வந்து, மகளை நிலத்தில் இருத்தி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அவள் தலையைப் பிடித்து, சீப்பின் வால் நுனியால் உச்சி பிரித்துப் பிரித்துத் தலையோடு ஒட்டப் பின்னினாள். நீ அந்த விரல்களைப் பார்த்துப் பார்த்துக் கீறினாய். முகத்தை விட்டுவிட்டு மண்டையைக் கீறுகிறாய், இதை யார் வாங்குவினம் என்று நான் பகிடி பண்ணினேன். உனக்கு மூக்குக்கு மேல் கோபம். கலரிகளில் தொங்கும் பழைய படங்களில் கறுப்புப் பெண்களின் தலை என்றால் ஒரு கறுப்புப் பூச்சு, அவ்வளவுதான், நான் ஒவ்வொரு உச்சியையும் கீறுவேன் என்றாய். அச்சோல் சிரித்துத் தலையை ஆட்ட, மேரி சீப்பால் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். உனக்குத் தலை இழுக்கும்போது நான் தட்டுகிற அதே தட்டு. படத்தில் இடப்பக்கம் முடிந்து, வலப்பக்கம் வெறும் பென்சில் கோட்டோடு நிற்க, உனக்கு லண்டன் ஸ்கொலர்ஷிப் வந்தது. கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து முடிக்கிறேன் என்று போனாய்.

ஜீலோங் றோட்டில் அச்சோல் போன கார் பிரண்டது உனக்குத் தெரியும். பிறகு நடந்தது தெரியாது. மேரி வந்து எங்கள் கதவைத் தட்டினாள், அழவில்லை, படத்தைத் தா என்றாள். பெட்டியை மூட முன் மகளுக்குத் தலை பின்ன வேண்டும், உன் மகள் கீறிய மாதிரியே பின்ன வேண்டும், பார்க்காமல் வராது என்றாள். அப்பா படத்தைக் காரில் ஏற்ற, பெட்டி வைத்திருந்த இடத்துக்கு நானும் போனேன். எங்கள் சனம் செத்த வீட்டில் தலையை விரித்துப்போட்டு அழும், அந்த மனுசி பின்னிக்கொண்டிருந்தாள். நான் படத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். நிமிர்ந்து பார்ப்பாள், பின்னுவாள், திரும்பவும் பார்ப்பாள். நீ ஒரு உச்சிகூடப் பிழையாகக் கீறவில்லை, பிள்ளை. வலப்பக்கம் வந்ததும் பார்க்க ஒன்றுமில்லை. அன்றைக்கு இந்தப் பக்கம் எப்படிப் பின்னினேன் என்று என்னைக் கேட்டாள். தேத்தண்ணியும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றவள் நான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் குழறி அழுதாள். அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகுதில்லை. பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, தன் மனசுக்கு வந்தபடி புதிதாக ஒன்று பின்னினாள், காதுக்குப் பின்னால் வளைந்து கழுத்தடிக்குப் போகிற மாதிரி. பெட்டியை மூடித்தான் சேர்ச்சுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பின்னலைப் பார்த்தது நாங்கள் இரண்டு பேரும்தான்.

போன கிழமை மேரி வந்தாள். சலூன் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. படத்துக்கு முன்னால் இருந்து, நீ விட்ட வெறும் பக்கத்தை விரலால் தடவினாள். எறியச் சொன்ன கதையை நான் எடுக்கவில்லை. அவளாகவே சொன்னாள், அந்தப் பின்னலை இனி வேறு ஒருத்தருக்கும் பின்ன மாட்டாளாம், நீ வந்தால் உன் தலையில் பின்னிக் காட்டுவாளாம், நீ கண்ணாடியைப் பார்த்து மிச்சத்தைக் கீற வேண்டுமாம். உன்னைக் கேட்காமல் நான் ஓம் என்றுவிட்டேன். உன் தலையில் இப்போது ஒன்றுமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூரைப் பீலி திரும்பவும் ஒழுகுது, அப்பா ஏணியில் ஏறப் பார்க்கிறார், நீ சொன்னால்தான் கேட்பார். எண்ணெய்ப் புகை படக் கூடாது என்று தன் பட்டு வேட்டியால் படத்தை மூடி வைத்திருக்கிறார். கலியாணத்துக்கு உடுத்த வேட்டி அது. மொட்டைத் தலையோடு வெயிலுக்குள் திரியாதே, தொப்பி போடு. யோகாவோடு இரண்டு வார்த்தை கதை, அந்தப் பிள்ளை பாவம்.

பிள்ளையார் உனக்குத் துணை இருப்பார், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மார்கழிக்கு டிக்கெட் பார்க்க அப்பா ஆளிடம் சொல்லிவிட்டார். ஒன்றை மட்டும் மறக்காதே. இனிக் கத்தரிக்கோல் உன் தலையில் படக் கூடாது. நல்லெண்ணெய் வாங்கித் தேய். மேரிக்குப் பிடித்துப் பின்ன ஒரு விரல் நீளமாவது வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா
விமலாதேவி ஜெயரட்ணம்