சம்மட்டி படாத கம்ப்ரசர்

கள்ளக்குறிச்சி
புதன்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகள் மஹ்ஜபீனுக்கு உன் அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், உன் அத்தா, சர்புதீன் மாமா வீட்டார் எல்லாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உடம்பைப் பற்றித்தான் சொன்னேன், மனசைப் பற்றிச் சொல்லவில்லை, அது இனிமேல்தான் வருகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே 'அம்மா ஒரு நிமிஷம், சூப்பர்வைசர் கூப்பிடறார்' என்கிறாய், அந்த ஒரு நிமிஷம் மறுநாள்தான் முடிகிறது. தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் மாமா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவார், படிக்காமல் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், படிக்காமல் இருக்க மாட்டார், படிக்கட்டும், அவருக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

போன மாதம் நீ என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாய். கம்பெனியில் கான்ட்ராக்ட்டை நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இப்போதைக்கு ஊருக்குத் திரும்புகிற எண்ணம் இல்லை, அத்தாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றாய். நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்களே, அதை வாயில் வைத்துக்கொண்டு தினமும் அவருக்குச் சோறு போடுகிறேன். நீ அங்கே நிம்மதியாக வேலை பார்க்கிறாய். இங்கே அவர் உன் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கம்ப்ரசரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாங்கியவளே நீதான். கச்சிராயபாளையம் ரோட்டில் ஷெட் பிடித்து மலையில் விளைகிற சாமையும் தினையும் சுத்தம் செய்து கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தாய், கறுத்துப்போன அரிசியைக் கண்டுபிடித்துக் காற்றால் ஊதித் தள்ளுகிற மெஷினை வாங்கினாய், அதற்குக் காற்றுக் கொடுக்க மூடிப்போன ஜவ்வரிசி மில்லில் இருந்து இந்த ராட்சசனைக் கிரேன் வைத்துத் தூக்கி வந்தாய். மலைக்காரர்கள் எல்லாரும் மரவள்ளிக்கு மாறி மூட்டை வருவது நின்றதும் ஊதுகிற மெஷினை விற்றாய், விமானம் ஏறினாய். கம்ப்ரசரை யாரும் வாங்கவில்லை, ஷெட்காரர் காலி செய்யச் சொன்னார், கடைசியில் அது அத்தாவின் இரும்புக் கடை முற்றத்தில் வந்து நடுவாந்திரமாக உட்கார்ந்துகொண்டது. இரண்டு சிலிண்டர், வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு வீல், ஆள் உயரத்துக்கு டேங்க். லோடு ஏற்ற வருகிற லாரி உள்ளே திரும்ப முடியாமல் தெருவிலேயே நிற்கிறது, தெருக்காரர்கள் என்னிடம் வந்து சண்டை போடுகிறார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் வீட்டிலேயே பழைய இரும்பு விற்காமல் கிடக்கிறது என்று மாமா கிண்டல் செய்கிறார். உடைத்துப் போட்டுவிடுங்கள் என்று அத்தாவிடம் முதலில் சொன்னது நான்தான். இடைஞ்சல் என்றுதான் சொன்னேன், அப்போது எனக்கு வேறு எண்ணம் இல்லை.

கடையில் அத்தாவின் பழக்கம் உனக்குத் தெரியும், நீ ஸ்கூல் விட்டு வந்து அந்தத் தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள். யார் எதை உடைக்கக் கொண்டு வந்தாலும் மூன்று தடவை கேட்காமல் சம்மட்டி போட மாட்டார். வாசலில் ஒரு தடவை, தராசில் ஏற்றும்போது ஒரு தடவை, சம்மட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தடவை. உடைத்த பிறகு அழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. திருநாவலூர்க்காரர் ஒருவர் கிணற்று இன்ஜினைக் கொண்டு வந்தாரே, மூன்றாவது தடவை கேட்டதும் அதே டெம்போவில் திருப்பி ஏற்றிக்கொண்டு போனாரே, நீதானே அப்போது சிரித்தாய். மூன்று தடவையும் சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் உடைத்தே தீர வேண்டும், அதுவும் அவர் சட்டம்தான். உன்னிடமும் அப்படியே கேட்டார். முதல் தடவை கேட்டபோது, அது எதுக்கு அத்தா இடத்தை அடைச்சிக்கினு, உடைச்சிடுங்க என்றாய். இரண்டாவது தடவை சிரித்துக்கொண்டே சொன்னாய். மூன்றாவது தடவை அவர் கையில் நிஜமாகவே சம்மட்டி இருந்தது மஹ்ஜபீன், நான் பக்கத்தில் நின்றேன், போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ட்யூட்டில இருக்கேன் அத்தா, ஓகே, உடைச்சிடுங்க என்று வைத்துவிட்டாய். அவர் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். ட்யூட்டில இருக்கிற புள்ளைய தொந்தரவு பண்ணிட்டேன் போல கீது என்றார். சம்மட்டியை மூலையில் சாத்தி வைத்துவிட்டு ஸ்பேனர் பெட்டியை எடுத்தார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இரும்புக் கடையில் ஒரு மெஷின் வந்தால் எப்படி உடைப்பார்கள், கேஸ் கட்டிங் பகலவன் வருவான், நெருப்பை வைத்து டேங்க்கை இரண்டாகப் பிளப்பான், சம்மட்டியால் நாலு போடு போட்டால் சிலிண்டர் தெறிக்கும், மோட்டாரைப் பிளந்து செம்பை உருவுவார்கள், பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிடும். இவர் நெருப்பு வேண்டாம் என்கிறார், சம்மட்டி கூடாது என்கிறார். துருப்பிடித்த ஒவ்வொரு நட்டுக்கும் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, மறுநாள் போய்த் தட்டிப் பார்த்து, அசையவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு வருகிறார். இந்த வயதில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதன் அடியில் நுழைகிறார். வீலைக் கழற்றும்போது அது சறுக்கி விரலில் விழுந்து கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, டாக்டரிடம் போகலாம் என்றால் மஞ்சள் பற்றுப் போதும் என்கிறார். வெயில் ஏறினால் தலை சுற்றுகிறது, சுகர் மாத்திரையை மறக்கிறார், ஸ்பேனரை மறப்பதில்லை. வார்ப்பு இரும்பு எடுக்க லாரியோடு வந்த கண்ணாயிரம் இரண்டு தடவை வெறும் வண்டியோடு திரும்பிப் போனார். இரண்டாவது தடவை அவருக்கே கோபம் வந்து, இன்னா பாய், பூப்பறிக்கிற மாதிரி கழட்டிக்கினு கீறீங்க, ரெண்டு போடு போட்டா முடிஞ்சிதே என்று கேட்டார். அதுக்கு அவசரம் இல்லப்பா, நீ வேற கடையப் பாரு என்று அத்தா அனுப்பிவிட்டார். நான் கத்தினேன். கத்தியது நான்தான், தொண்டை கட்டியதும் எனக்குத்தான், அவர் நட்டைத் திருகிக்கொண்டே இருந்தார்.

விஷயத்தை எனக்கு விளங்க வைத்தது பகலவன். கூலி கிடைக்குமா என்று கேட்க வந்தவன் முற்றத்தில் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பாயம்மா, இது ஒடைக்கிற வேலை இல்ல, திரும்ப மாட்றதுக்குக் கழட்ற வேலை என்றான். எனக்குப் புரியவில்லை. வந்து பாருங்க என்று கூட்டிப் போனான். ஒவ்வொரு இணைப்பிலும் மஞ்சள் பெயின்டால் கோடு இழுத்து வைத்திருக்கிறார், எதோடு எது சேர வேண்டும் என்று தெரிவதற்கு. நட்டும் போல்ட்டும் தனித்தனி டப்பாவில். பிஸ்டனைத் துடைத்துக் கிரீஸ் தடவிப் பழைய லுங்கியில் சுற்றி வைத்திருக்கிறார், பெற்ற பிள்ளை உன்னைக் கூட நான் அப்படித் துடைத்ததில்லை. காயலான் கடைக்காரன் கிரீஸ் தடவி வைப்பானா? அத்தா வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். தொழுது முடித்து வந்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். மூணு வாட்டி கேட்டேன், மூணு வாட்டியும் சரின்னு சொல்லிட்டா, நானும் கை வெச்சிட்டேன், எப்படி உடைக்கணும்னு அவ சொல்லலியே என்றார். தன் சட்டத்துக்குள் தானே ஓட்டை போட்டு அதற்குள் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சம்மட்டியை நானே எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

இதில் கரியாலூர் கலையரசி வேறு வந்து எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனாள். உன்னிடம் முதன்முதலில் சாமை மூட்டை இறக்கினாளே, அவள்தான். சந்தைக்கு வந்தவள் கடையில் எட்டிப் பார்த்து, இந்த வருசம் மழை நல்லாப் பேஞ்சிது பாய், மலையில மறுபடி போட்ட சாமை நல்லாக் கண்டிருக்குது, மெஷினு பொண்ணு எப்ப வரும் என்று கேட்டிருக்கிறாள். கான்ட்ராக்ட் முடிஞ்சதும் வந்துடும்மா என்று அத்தா சொல்லியிருக்கிறார். அதை வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னார், மலைக்காரங்க மறக்கல பாரு என்று. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், நல்ல வேளை.

நேற்று நடந்ததைக் கேள். போன வாரம் கண் டாக்டரைப் பார்க்கிறேன் என்று தனியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறினார். என்ன சொன்னார் டாக்டர் என்றதற்கு ஒன்றுமில்லை என்றுவிட்டார், சொட்டு மருந்துகூட இல்லை. நேற்று தொப்பி வைக்கிற அலமாரியைத் துடைத்தபோது பின்னால் ஒரு அட்டைப் பெட்டி. பிரித்துப் பார்த்தால் பளபளவென்று இரும்பு வளையங்கள், எண்ணெய்க் காகிதம் சுற்றி. பகலவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கம்ப்ரசருக்குப் போடுற புது பிஸ்டன் ரிங் பாயம்மா, பழசு தேஞ்சி காத்து விட்டிருக்கும், அதான் என்றான். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் தூக்கிப் போட்ட சாமானை வாங்கிய மனிதர், உடைக்கச் சொன்ன மெஷினுக்குப் புது ரிங் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார். நான் அதை இருந்த இடத்திலேயே வைத்தேன். சாயங்காலம் இன்றைக்குச் சொல்லியே விடுவது என்று டீயோடு முற்றத்துக்குப் போனேன். அவர் தலையைத் தூக்காமல், வால்வுக்கு எந்த வாஷர் போடணும்னு தெரியல, அங்க அவ பாக்கிறதும் கம்ப்ரசர்தானே, இந்த வாட்டி போன் பண்ணா அவளையே கேட்டுச் சொல்லு மெஹ்ராஜ் என்றார். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மகளே, நீ அங்கேயே இருப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. நல்ல வேலை, மரியாதையாக வைத்திருக்கிறார்கள், பொம்பளைப் பிள்ளைக்கு மெஷினைக் கொடுத்து நம்புகிறார்கள், இங்கே எத்தனை பேர் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய். என் ஆசைக்காக யாரும் விமானம் ஏற வேண்டாம். என் வயிற்றெரிச்சல் எல்லாம், வர மாட்டேன் என்பதை என் வாயால் சொல்லச் சொல்லிவிட்டு, அவரிடம் மட்டும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாயே, அதுதான். கையெழுத்துப் போட்டவள் நீ, சொல்ல வேண்டியவளும் நீ. இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம் அத்தா என்று இழுக்காதே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் அந்த ராட்சசனை முழுசாக மாட்டி நிறுத்திவிடுவார். நேராகச் சொல். கோபப்பட மாட்டார், அவர் கோபம் எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், ஒரு வேளை சாப்பிட மாட்டார், அடுத்த வேளை மீன் வாங்கி வருவார். அழுதால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எதிர்பார்த்துக்கொண்டே மெஷின் அடியில் படுத்திருப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ராத்திரி டியூட்டி என்றால் வெறும் வயிற்றோடு டீயாகக் குடிக்காதே. அனுப்பிய ஊறுகாய் பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே. மாமா பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், உன் கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்கவில்லை, அதற்கு வேறு தாள் வைத்திருக்கிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல ரிஜ்க்கையும் பிழைப்பையும் தருவானாக, உன் கையில் காயம் படாமல் காப்பானாக, ஆமீன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இதைப் படித்ததும் நீ முதலில் எனக்குத்தான் போன் அடிப்பாய். அடிக்காதே. அத்தாவிடம் நீ சொல்லி முடிக்கிற வரை உன் போனை நான் எடுப்பதாக இல்லை. மணி அடிக்கும், உன் படம் வரும், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் நம்பர் உன்னிடம் இருக்கிறது.

உன்னைப் பெற்றவள்,
மெஹ்ராஜ் பேகம்