அத்தான் கேட்டு வந்த சொல்

என் அமுதாக்கா,

என் முகத்தைப் பார்த்தே நான் கேட்கப் போவதைக் கண்டுபிடித்துவிடுகிறவளே, இதை உன் முகம் பார்க்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

அத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்.

உன் புருஷனைப் பற்றிய செய்தியை உனக்கே சொல்வது எப்படி என்று பல விதமாக யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அதனால் நேராக எழுதிவிட்டேன்.

பல்கலைக்கழகத்தில் விடுமுறை. புதுச்சேரியிலிருந்து நெடுங்காட்டுக்கு வந்திருந்தேன். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை. மேலே இருப்பவர்கள் விட்டால்தானே கடைமடைக்கு வரும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் வந்தார். கையில் ஒரு பை நிறையப் பழம். அப்போதே எனக்கு ஏதோ தட்டுப்பட்டது. நம் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து, நேராக அடுக்களைக்குள் போய்த் தண்ணீர் மொண்டு குடிக்கிறவர் அவர். அன்றைக்கு விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தை, பட்டினத்துல ஒரு எடம் சொல்றாங்க" என்றார். திருமலைராயன்பட்டினம். "பொண்ணு துணிக்கடையில வேலை பாக்குது. அதுக்கும் இது ரெண்டாவதுதான். பேசிப் பாத்தேன். புடிச்சிருக்கு."

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எங்கள எதுக்குக் கேக்குறீங்க மாப்ள? ஆம்பள. வயசு கெடக்கு. நாங்க என்ன தடுக்கவா போறோம்?"

"தடுக்க மாட்டீங்கன்னு தெரியும். நான் அதுக்கு வரல அத்தை. இந்த வீட்டுலேர்ந்து நல்லா இருன்னு ஒரு வார்த்தை வாயால சொல்லணும். இல்லன்னா வேணாம்னு அவங்ககிட்ட சொல்லிடுறேன்."

"தடுக்கலன்னா சரின்னுதான அர்த்தம்?"

"இல்ல அத்தை."

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் பழப் பையைப் பார்த்தேன். "சரி, போயிட்டு வர்றேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எனக்கும் வாய் வரவில்லை, அக்கா. அம்மாவுக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு வேறு.

அவர் தனியாக இருக்கும்வரை நீ ஒருவருக்கு மனைவி. குரும்பகரத்தில் அத்தான் வீட்டில் உன் செருப்பு இன்னும் இருக்கிறது. மற்றவர்களிடம் உன் பேச்சை எடுத்தால், "விடும்மா, அதையே நெனைச்சுக்கிட்டு" என்கிறார்கள். என் விடுதியில் எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதே யாருக்கும் தெரியாது. உன்னைப் பற்றி என்னோடு சாதாரணமாகப் பேசுகிற ஒரே ஆள் அத்தான். "ஒங்கக்கா மீன்கொழம்புல புளி ஜாஸ்திதான் போடுவா, ஒத்துக்கோ" என்று என்னிடம் சண்டை பிடிக்கிறவர். நல்லா இருங்க என்று சொன்னால் அந்தச் சண்டையும் போய்விடும்.

சொந்தத்தில் சிலர் என்னையே அவருக்குக் கொடுத்துவிடலாமே என்று ஆரம்பித்தார்கள். தெரியுமா உனக்கு? அத்தான்தான் வெட்டிவிட்டார். "அது படிக்கிற புள்ள. அது காதுல இந்தப் பேச்சே விழக் கூடாது." விழுந்தது. அவர் அப்படிச் சொன்னதும் சேர்ந்தே விழுந்தது.

அன்றைக்கு மத்தியானம் சோறு போடும்போது அம்மா தன் காரணத்தைச் சொன்னாள். நான் கேட்காமலே.

"ஒங்கப்பா போனப்ப எனக்கும்தான் வயசு இருந்துச்சு. என்னைய யாருடி வந்து கேட்டா?"

இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றியதே இல்லை. உனக்காவது தோன்றியிருக்கிறதா?

நான் இப்போது படிப்புக்காக என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். சிரிக்காதே. ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு. 'அலோ'. போனில் சொல்கிற அலோ இல்லை, அனுமதிக்கிற அலோ. நீ ஓயாமல் சொன்ன சொல்தான். "லேபுல போன் அலோ பண்ண மாட்டாங்கடி." "சென்னைக்கு டிரெயினிங் போக அம்மா அலோ பண்ணாது." தினமும் காரைக்கால் பஸ்ஸில் ஏறி அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனவள், ஒவ்வொரு நாளும் யாரோ எதையோ அலோ பண்ணவில்லை என்றுதான் திரும்பி வருவாய்.

அது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு நாம் அதை ஆங்கிலத்திடம் கடன் வாங்கியிருக்கிறோம். லத்தீனில் அது இரண்டு தனிச் சொற்கள். ஒன்றுக்குப் புகழ்வது என்று பொருள். மற்றொன்றுக்கு இடம் ஒதுக்குவது. பழைய பிரெஞ்சில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் ஒருவரை 'அலோ' செய்வதென்றால் அவரைப் பாராட்டுவது, நல்லது என்று வாய்விட்டுச் சொல்வது. பிறகு, உண்மைதான் என்று ஒப்புக்கொள்வது. அவரவருக்கு உரியதைக் கொடுப்பது என்றும் ஒரு பொருள். அலவன்ஸ் அந்த வழியில் வந்தது. அதற்கும் பின்னால்தான் அனுமதி. இன்றைக்கு வெறுமனே குறுக்கே நிற்காமல் இருந்தாலே போதும். கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அலோ பண்ணியதாகத்தான் ஆகும்.

இதை வீழ்ச்சி என்று எழுதாதே, சொற்கள் விழுவதில்லை, நகர்கின்றன என்று என் பேராசிரியர் ஓரத்தில் குறித்திருந்தார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

தமிழில் நமக்கு என்ன இருக்கிறது? அனுமதி அலுவலகத்துச் சொல். நம் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நம் வீட்டுச் சொல் 'ஒன் இஷ்டம்'. அதைவிடக் கடுமையான மறுப்பு எந்த மொழியிலாவது இருக்குமா என்று தெரியவில்லை.

அத்தானைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோதும் அம்மா சொன்னது அதுதான். கல்யாணத்துக்கு வந்தாள். பட்டு கட்டினாள். வந்தவர்களைப் பந்திக்கு அனுப்பினாள். குறை வைக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. மூளையில் ரத்தம் கசிந்து நீ நினைவில்லாமல் கிடந்த நாட்களில், அத்தான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து உன் நகங்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா கதவருகே நின்று பார்த்தாள். நானும் பார்த்தேன். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நீ போய்விட்டாய். அப்போது யார் என்ன சொல்வது?

அவர் கேட்டு வந்தது இந்தக் கல்யாணத்துக்கான வார்த்தை மட்டும் அல்ல என்று எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது.

அம்மாவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குரும்பகரத்துக்குப் போனேன். மோட்டார் கொட்டகை வாசலில் பவர் டில்லரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"என்ன கயலு, தனியாவா வந்த? அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போச்சு. ரெண்டு பேருக்கும் பூசை இருக்கு."

வழியெல்லாம் வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்.

"எங்கக்காவ நீங்க நல்லா வச்சிருந்தீங்க அத்தான். நாங்க யாரும் அத ஒங்ககிட்ட சொன்னதே இல்ல. ஆஸ்பத்திரியில நீங்க பாத்துக்கிட்ட மாதிரி நாங்ககூடப் பாக்கல. நீங்க நல்லவரு. கல்யாணம் பண்ணிக்கோங்க. நல்லா இருங்க."

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"புகழ்றியா, திட்டுறியா? மூச்சு விடாமப் பேசுற."

எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவினார். முகத்தையும் கழுவினார். வெகுநேரம் கழுவினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"அவ என்ன சொல்லுவான்னு நெனைக்கிற?"

"தெரியல அத்தான்."

அந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கலாம். அக்கா சந்தோஷப்படுவா என்று எல்லாரும் சொல்வது போல. முடியவில்லை. எனக்கு உண்மையாகவே தெரியாது. நீ அலோ பண்ணியிருப்பாயா? எந்தப் பொருளில்?

"அம்மா சொல்லாது அத்தான்" என்றேன். "அது சார்பா நான் சொல்ல முடியாது."

"போதும்மா" என்றார். "அந்த வீட்டுல ஒரு ஆளு சொல்லிடுச்சுல்ல."

திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள்.

"யாரக் கேட்டுடி போன?"

"யாரையும் கேக்கல."

"வீட்டுல பெரியவன்னு நான் ஒருத்தி இருக்கேன்ல? இல்ல, படிச்சவங்களுக்கு அதெல்லாம் தேவையில்லயா?"

"ஒன்னயும் ஒண்ணு கேக்கணும்மா." வண்டியை அணைக்காமல், இறங்காமல் கேட்டுவிட்டேன். இறங்கியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். "அப்பா போனப்ப யாராச்சும் வந்து கேட்டிருந்தா, நீ என்ன சொல்லியிருப்ப?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, "ஆனா கேட்டிருக்கலாம்."

வண்டியிலிருந்து சாவியை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. கல்யாணத்துக்கு அவள் வர மாட்டாள். வா என்று நான் கூப்பிடப் போவதுமில்லை. அவளுக்குக் கிடைக்காத ஒன்றை அவளே எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது?

நான் மறுபடியும் புதுச்சேரியில் இருக்கிறேன். நேற்று அத்தான் போனில் கூப்பிட்டார். கோயிலில் வைத்துச் செய்கிறார்களாம். நாள் சொன்னார். பந்தல் பற்றிப் பேசினார், பட்டினத்துக்காரர்கள் பந்தியில் அல்வா வேண்டும் என்று கறாராக இருக்கிறார்கள் என்று சிரித்தார். உன் பேச்சு வரவில்லை. வேண்டுமென்று தவிர்க்கவில்லை, அக்கா. பேச அவருக்கு வேறு இருந்தது. நான் கொடுத்த வார்த்தைக்கு அர்த்தம் அதுதான் என்று போனை வைத்த பிறகு எனக்கு உறைத்தது. அறையில் யாரும் இல்லை. உன் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சும்மா. எப்படி ஒலிக்கிறது என்று.

உன் இடத்தில் நின்று, உன்னைக் கேட்காமல், உன் புருஷனை வாழ்த்திவிட்டேன். கேட்க வழியில்லை என்பது ஒரு காரணம் ஆகுமா?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் போவேன். ஓரமாக நிற்க மாட்டேன். அட்சதை போடுவேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அந்தப் பெண்ணிடம் நானாக உன் பேச்சை எடுக்க மாட்டேன். என்றைக்காவது அவளாகக் கேட்டால் புளி உட்பட எல்லாவற்றையும் சொல்வேன். அதுவரை நீ என்னிடம் இரு. என்னிடம் இடமிருக்கிறது.

உன் பேச்சைத் தனியாகப் பேசப் பழகிக்கொண்டிருக்கும்,
உன் ஒரே தங்கச்சி,
கயல்